சலவைக்கூடத்துச் சுவர்

ஜனவரி 8

தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதுவது மரியாதை என்பதால் எழுதுகிறேன். ஆவல் ஒன்றும் இல்லை. நீ நன்றாகத்தான் இருக்கிறாய் என்று அம்மா வாரா வாரம் போனில் சொல்லிவிடுகிறாள், நான் கேட்காமலேயே.

இரண்டு வருஷமாகப் பேசாதவள் திடீரென்று கடிதம் போடுகிறாளே, என்ன காரியம் ஆக வேண்டியிருக்கிறதோ என்று நினைப்பாய். சரியாகத்தான் நினைக்கிறாய்.

எங்கள் அலுவலகத்தில் 'சுட்டிச் சக்கரம்' கார் பந்தய வீடியோ கேமின் ஏழாம் பாகம் தயாராகிறது. ஒவ்வொரு பாகத்திலும் புதுத் தடங்களோடு, முந்தைய பாகங்களின் பந்தயத் தடங்கள் நான்கைத் தூசி தட்டித் திரும்பக் கொண்டுவருவோம் என்பது உனக்குத் தெரியும். இந்த முறை அந்த நான்கில் ஒன்று சலவைக்கூடம். ஆமாம், அதேதான். சோப்புத் தூள் பெட்டியோடு இலவசமாக வந்த கேசட்டில் மட்டும் இருந்த தடம். அதற்காக அம்மா ஒரே மாதத்தில் பத்துப் பெட்டி சோப்புத் தூள் வாங்கினாளே, அந்தத் தடம்.

மற்ற தடங்களெல்லாம் மூன்று தடவை, நான்கு தடவை திரும்ப வந்துவிட்டன. இது ஒன்றுதான் வரவே இல்லை. ஒவ்வொரு பாகம் வெளியாகும்போதும் ஆட்டக்காரர்கள் "சலவைக்கூடம் எங்கே?" என்று கத்துவார்கள், கம்பெனி காது கேட்காத மாதிரி இருந்துவிடும். ஏன் என்று இப்போதுதான் தெரிந்தது. அதைச் செய்து கொடுத்த சின்னக் கம்பெனி மூடிவிட்டது. கோப்பு எதுவும் மிச்சமில்லை. எங்கள் கிடங்கைத் தலைகீழாகப் புரட்டியும் ஒரு கேசட் கிடைக்கவில்லை. நம் கேசட்டை வீடு மாறியபோது அம்மா பழைய சாமானோடு போட்டுவிட்டாள்.

எங்கள் பிரிவுத் தலைவர் கூட்டத்தில், "யாராவது அதை ஆடியிருக்கீங்களா?" என்று கேட்டார். மணிக்கு ஒரு தரம் 'கடைசித் தேதி, கடைசித் தேதி' என்று சொல்லிக்கொண்டே இருப்பதால் அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் அலாரம். நான் வேகமாகக் கையைத் தூக்கிவிட்டேன். "அப்ப நீங்களே செய்யுங்க. மார்ச் கடைசிக்குள்ள. பழசு மாதிரியே வந்தா தடப் பிரிவு உங்க பொறுப்பு. வரலைன்னா மெனு பிரிவுல ஆள் பத்தல" என்றார். மெனு பிரிவு என்றால் 'தொடங்கு', 'வெளியேறு' என்ற இரண்டு பொத்தான்களுக்கு ஆயுள் முழுக்க வண்ணம் பூசுவது. பதினோரு வருஷ வேலை அதில் போய் முடியும்.

கையைத் தூக்கிய பிறகுதான் யோசித்தேன். நான் எப்போதும் உனக்குப் பின்னால்தான் ஓட்டினேன். எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் உன் வண்டியின் பின்பக்கம் மட்டும். பாதை முன்னால் போனவனுக்குத்தானே தெரியும்.

வெளிவராத ஆட்டத்தைப் பற்றி போனில் பேசக் கூடாது, மின்னஞ்சல் கூடாது, குறுஞ்செய்தி கூடாது என்று அலுவலக விதி. கடிதம் கூடாது என்று எழுதவில்லை. விதி போட்டவர் அப்படி ஒன்று இருப்பதையே மறந்துவிட்டார் போல. அதனால்தான் தாள்.

பழைய விஷயத்தைப் பற்றி நான் பேசவில்லை. நீயும் பேசாதே.

அக்கா


ஜனவரி 15

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு, "ரெண்டு பேருக்கும் போன்ல பேசினா வாய் தேஞ்சிடுமா?" என்று கேட்டாள். அலுவலக விதி என்றேன். "உங்க ரெண்டு பேர் வீம்புக்கு இப்ப ஆபீஸ்ல விதியே போட்டுட்டாங்களா?" என்றாள்.

எனக்கு இங்கே மூச்சு விட நேரமில்லை. ஓட்டுநர் பள்ளியில் இந்த மாதம் ஒன்பது பேர் சேர்ந்திருக்கிறார்கள். நேற்று ஒரு கல்லூரிப் பேராசிரியை ரவுண்டானாவில் வெளியே வரும் வழி தெரியாமல் பதினோரு சுற்று சுற்றினார். பன்னிரண்டாவதில் என் பக்கத்துப் பிரேக்கை நான் அழுத்த வேண்டியதாயிற்று. பள்ளி வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அது இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை உனக்கு மேலுலகத்திலிருந்து எழுதிக்கொண்டிருப்பேன்.

பழைய விஷயத்தைப் பேசாதே என்கிறாய். அதனால் அதைப் பேசிவிடுகிறேன். பனிக்கட்டிக் கிடங்குத் தடம் முதல் பாகத்தில் வந்தது. மூன்றில் வந்தது. ஐந்தில் வந்தது. அந்த வளைவில் வழுக்கி விழுவதற்காகவே ஜனம் அதை ஆடியது. ஆறாம் பாகத்தில் யாரோ அதற்கு வேலி போட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இணையத்தில் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து, மனதில் பட்டதை விமர்சனமாக எழுதினேன். அந்த யாரோ நீதான் என்று எனக்கு எப்படித் தெரியும்? நீதான் அலுவலக ரகசியம், அலுவலக ரகசியம் என்று வாயைத் திறக்க மாட்டாயே. எழுதியது என் தவறில்லை. நாற்பதாயிரம் பேருக்கு அது பிடித்துப்போனதும் என் தவறில்லை.

வேலி போட்டது தப்பு என்று ஒரு வரி எழுது. சலவைக்கூடம் முழுவதும் உனக்குத் தருகிறேன்.

தம்பி


ஜனவரி 21

தம்பிக்கு,

நாற்பதாயிரம் இல்லை, நாற்பத்திரண்டாயிரம். தினமும் எண்ணினேன்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. தெரிந்துகொள். காலைக் கூட்டத்தில் அலாரம் உன் விமர்சனத்தை எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தார். "இந்தத் தடத்தைக் கெடுத்தவர் ஸ்டியரிங்கைத் தொட்டே இருக்க மாட்டார். வேலிக்குப் பதில் மெத்தை போட்டிருக்கலாம், தூங்கவாவது உதவும்." அறையே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது? அடுத்த வரி: "முதலில் கண்ணாடியைப் பார், பிறகு சாலையைப் பார், அப்புறம் பேசு." அதைக் கேட்டதும் என் சிரிப்பு நின்றுவிட்டது. உலகத்தில் ஒரே ஒருவன்தான் எதற்கெடுத்தாலும் அதைச் சொல்வான். சாப்பிட உட்காரும்போதுகூடச் சொல்வான்.

போன் செய்து கேட்டால், "எழுதினது உண்மைதானே?" என்றாய். ஒரு 'ஐயோ அக்கா' கூட வரவில்லை. அதுதான் எனக்கு வலித்தது, நட்சத்திரம் இல்லை.

வேலி விஷயம். இடப்பக்கம் போட்டது தப்பு. வலப்பக்கம் போட்டது சரி. இதற்கு மேல் ஓர் அங்குலம் இறங்க மாட்டேன்.

பாதையைச் சொல்.

அக்கா


ஜனவரி 30

அக்கா,

இடப்பக்கமே பெரிய விஷயம். ஏற்றுக்கொண்டேன்.

வண்டியில் ஏறு. பெல்ட் போடு. குட்டி வண்டியில் பெல்ட் கிடையாது, மனதுக்குள் போடு. கண்ணாடியைப் பார். (கோபப்படாதே, பழக்க தோஷம்.)

கொடி விழுந்ததும் நேர்ச்சாலை. தரை நீலமும் வெள்ளையுமான சதுர ஓடு. ஏழாவது வெள்ளை ஓட்டில் ஈரம் இருக்கும், அதில் ஏறாதே. பிறகு நுரை வளைவு, இடப்பக்கம். நுரை முழங்கால் உயரம், வண்டி தெரியாது, தொப்பி மட்டும் தெரியும். உன் தொப்பி மஞ்சள். நீ எப்போதும் அங்கே சீக்கிரம் திரும்பி வாளியில் மோதுவாய். அந்த வாளியை மறக்காமல் வை.

அடுத்தது போர்வைச் சந்து. இரண்டு பக்கமும் ஈரப் போர்வை தொங்கும். வலமிருந்து மூன்றாவதில் ஒரு கிழிசல், அதன் வழியாக முன்னால் போகிறவன் தெரிவான். அதாவது நான் தெரிவேன். அதைத் தாண்டினால் இஸ்திரி உருளை. மூன்று எண்ணும் நேரம் மேலே நிற்கும், இரண்டு எண்ணும் நேரம் கீழே இறங்கும். கீழே இறங்கும்போது போனால் அப்பளம். அப்புறம் மடிப்பு மேஜை, ஆறு வளைவு, கடைசி வளைவு மோசம். கடைசியில் டிரம்.

டிரம்மை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பெரிய சலவை இயந்திரத்தின் உள்ளே சுவரோடு ஏறித் தலைகீழாக ஒரு சுற்று. சுவரில் ஓட்டைகள் வரிசைக்குப் பன்னிரண்டு. எல்லாத் துணியும் இடமிருந்து வலம் சுற்றும், ஒரே ஒரு சிவப்புக் காலுறை மட்டும் எதிர்ப்பக்கம் வரும். அதில் மோதினால் போச்சு. பாத்திரம் தேய்க்கும் சத்தம் மாதிரி ஒரு பாட்டு ஓடும். வெளியே வந்ததும் கோடு.

இன்னொன்று. உருளையைத் தாண்டியதும் வலப்பக்கச் சுவர். பார்த்தால் வெறும் சுவர்தான். சரியான கோணத்தில் போனால் வழி விடும், நேராக டிரம்முக்குள் இறங்கலாம். ஆறு வளைவும் மிச்சம். அது உனக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடாமல் இருக்க எழுதினேன்.

தம்பி


பிப்ரவரி 12

தம்பி,

உன் தாளைக் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்து வேலை செய்கிறேன். கொடியிலிருந்து உருளை வரை ஓடத் தொடங்கிவிட்டது. நேற்று நுரை வளைவில் முதல் தடவையாக ஓட்டிப் பார்த்தேன். சீக்கிரம் திரும்பி வாளியில் மோதினேன். பக்கத்து மேஜைக்காரி, "என்ன, சந்தோஷமா மோதறீங்க?" என்றாள்.

டிரம்மில் உன் காலுறையைப் போட்டேன். போட்ட பிறகு ஐந்து நிமிஷம் ஒன்றும் செய்யாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு இவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இப்போது சுவர். அலாரம் படத்தைப் பார்த்துவிட்டு, "சுவர்ல வழியா? அந்தக் காலத்துல இப்படியெல்லாம் வைக்க மாட்டாங்களே. நிச்சயமா?" என்று கேட்டார். "என் தம்பி சொன்னா சரியா இருக்கும் சார்" என்றேன். இதை எழுதும்போது எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. ஆனால் சொன்னேன். அலுவலகத்தில் அதற்குத் 'தம்பி சந்து' என்றே பெயர் வந்துவிட்டது.

கோணம் எத்தனை டிகிரி? அந்த நாளில் நூறு தடவை கேட்டும் நீ சொல்லவில்லை. இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும்.

அக்கா


பிப்ரவரி 19

அக்கா,

வேலை நன்றாக நடப்பது குறித்து மகிழ்ச்சி.

அந்தச் சந்து விஷயம். யோசித்துப் பார்த்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது வேண்டாமோ என்று தோன்றுகிறது. சுவரில் போய் மோதச் சொல்லிக்கொடுத்தால் நாளைக்கு நிஜ வண்டியிலும் மோதுவார்கள். நான் ஓட்டுநர் பயிற்றுநர், எனக்கு ஒரு சமூகப் பொறுப்பு இருக்கிறது. மேலும் ஆறு வளைவையும் ஓட்டினால்தான் அந்த மேஜைக்கு மரியாதை. பேசாமல் சுவரைச் சுவராகவே விட்டுவிடேன்.

கோணம் சரியாக ஞாபகம் இல்லை. பேராசிரியை ரவுண்டானாவை விட்டு வெளியே வந்துவிட்டார். ஆனால் எதிர்த்திசையில் வந்துவிட்டார்.

தம்பி


பிப்ரவரி 26

தம்பிக்கு,

ஏழாவது ஓட்டில் ஈரம் ஞாபகம் இருக்கிறது, வரிசைக்குப் பன்னிரண்டு ஓட்டை ஞாபகம் இருக்கிறது, கோணம் மட்டும் ஞாபகம் இல்லையா? யார் காதில் பூ சுற்றுகிறாய்?

வேலி போட்டதற்கு என்னைக் கிழித்தவன் இன்றைக்குச் சமூகப் பொறுப்பு பேசுகிறான். முடியாது. அந்தச் சந்து இருந்தே தீரும். அதுதான் அந்தத் தடத்துக்கே உயிர். முப்பது டிகிரி என்று நானாக வைத்துவிட்டேன். மார்ச் பத்தாம் தேதி எல்லோருக்கும் போட்டுக் காட்டுகிறேன்.

அக்கா


மார்ச் 11

நேற்றைய கூட்டத்துக்கு ஒரு பல் மருத்துவர் வந்தார். கம்பெனி சத்தமில்லாமல் தேடிக்கொண்டிருந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. அவர் வீட்டுப் பரணில் சோப்புத் தூள் கேசட் ஒன்று கிடைத்ததாம். கையுறைக்குள் சுற்றி, ஏதோ பிடுங்கிய பல்லைக் கொண்டுவருவதுபோல ஏந்திக்கொண்டு வந்தார்.

போட்டார்கள். நுரை வளைவு சரி. வாளி சரி. கிழிசல் சரி. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உருளையைத் தாண்டி அவர் வலப்பக்கச் சுவரில் மோதினார். டங். முப்பது டிகிரியில் மோதினார். டங். "நான் சின்ன வயசுல தினமும் ஆடினேன்மா, இதுல வழியெல்லாம் கிடையாது" என்றார். அலாரம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அதோடு முடியவில்லை. மடிப்பு மேஜை முடிந்து டிரம்முக்குள் நுழையும் இடத்தில் கேசட் உறைந்து நின்றுவிட்டது. எத்தனை தடவை போட்டாலும் அங்கேயே நிற்கிறது. அந்தக் காலத்திலேயே அவருடைய கேசட் அங்கேதான் நிற்குமாம், டிரம்மை அவரும் பார்த்ததில்லை. ஆக டிரம்முக்கு உன் பேச்சு மட்டும்தான் சாட்சி. "இல்லாத வழியை இருக்குன்னு சொன்னவர் டிரம்மையும் கதை விட்டிருக்க மாட்டார்னு எப்படி நம்பறது?" என்றார் அலாரம். டிரம் இல்லாமல் சலவைக்கூடம் இல்லை. மாதக் கடைசி வரை நேரம் கொடுத்திருக்கிறார். அதற்குள் நிரூபிக்காவிட்டால் தடத்தைத் தூக்கிவிடுவார்கள், என்னையும் பொத்தான் வண்ணம் பூச அனுப்பிவிடுவார்கள்.

என் இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறேன், நீ அந்தச் சுவருக்குள் புகுந்து போனதை. ஒன்று எனக்குப் பைத்தியம், அல்லது நீ எதையோ மறைக்கிறாய். எது என்று எழுது. இந்த முறை உண்மையை எழுது.


மார்ச் 15

அக்கா,

உனக்குப் பைத்தியம் இல்லை.

விபத்து நடந்தால் வாக்குமூலம் எப்படி எழுதுவது என்று என் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்பேன். அப்படியே எழுதுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு எழுத வராது.

இடம்: நம் வீட்டு ஹால். ஓட்டியவன்: நான், வயது பத்து. எதிர்த்தரப்பு: நீ, வயது பதின்மூன்று. கேம் பெட்டி தரையில் என் இடது காலுக்குப் பக்கத்தில் இருந்தது. கேசட் அதன் மேலே நிமிர்ந்து நின்றது. ஒரு நாள் கொசு கடித்துக் காலைச் சொறியும்போது என் கட்டைவிரல் கேசட்டின் வலது மூலையில் பட்டது. கேசட் லேசாகச் சாய்ந்தது. அந்த நொடியில் நான் சுவரில் மோதிக்கொண்டிருந்தேன். சுவர் வழி விட்டது. விரலை எடுத்ததும் பழையபடி சுவராகிவிட்டது.

அது தற்செயல். இரண்டாவது தடவை சோதனை. மூன்றாவது தடவையிலிருந்து வேண்டுமென்றே.

சில சமயம் ஆட்டமே உறைந்துவிடும். "கரண்ட் சரியில்லை" என்று சொல்லிவிடுவேன். நீ டிவியையே பார்த்துக்கொண்டிருப்பாய், என் காலை யார் பார்க்கப் போகிறார்கள்? "எப்படிடா போனே?" என்று நீ கேட்டபோது, "எல்லாம் கோணம்தான்" என்றேன். அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் கோணம் நடத்தியிருந்தார்கள். வாயில் அதுதான் வந்தது.

உனக்கு எழுதியபோதுகூட அந்தச் சுவர் வழியை எழுதாமல் விட்டிருக்கலாம். விட்டால் நீ கேட்பாய். கேட்டால் சொல்ல வேண்டும். அதனால் பொய்யைத் தொடர்ந்தேன். நீ கூட்டத்தில் என் பேரைச் சொன்னாய் என்று படித்ததும் சாப்பிட முடியவில்லை. நாள் முழுக்க 'விதியை மீறாதே' என்று ஊருக்கெல்லாம் கத்துகிறவன் நான்.

உன் தலைவருக்குத் தனியாக ஒரு தாள் இணைத்திருக்கிறேன். பெட்டியைத் தரையில் வைக்கச் சொல். கேசட்டின் வலது மூலை, மேல் விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை கீழே. உருளை மேலே போனதும் அழுத்தி, சுவருக்குள் வண்டி பாதி நுழைந்ததும் விட்டுவிட வேண்டும். கைவிரலால் செய்தால் பலம் கூடிவிடும், கால் கட்டைவிரல்தான் சரி. நேராக டிரம்முக்குள் இறங்கும், உறையும் இடமே வழியில் வராது. 'என் அக்காவுக்கு இது எதுவும் தெரியாது' என்று அதில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன்.

தம்பி


மார்ச் 24

தம்பிக்கு,

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். சண்டை அப்புறம்.

கூட்ட அறையில் கம்பளத்தின் மேல் பெட்டியை வைத்தார்கள். அலாரம் உன் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு ஷூவைக் கழற்றினார். அவர் கால் குட்டை, நாற்காலியிலிருந்து எட்டவில்லை. பல் மருத்துவர், "என் கேசட், நானே பாத்துக்கறேன்" என்று காலுறையைக் கழற்றினார். ஜாய்ஸ்டிக் என் கையில். பெரிய பெரிய ஆட்கள் பதினான்கு பேர் ஒருவருடைய கால் கட்டைவிரலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் தடவை உறைந்தது. இரண்டாம் தடவை திரை பச்சையாகிவிட்டது. "விரற்கடைன்னு எழுதியிருக்கார் சார், யாரோட விரல்?" என்று ஒருத்தர் கேட்டார். "பத்து வயசுப் பையன் விரல்" என்றேன். மருத்துவர் கொஞ்சம் மேலே அழுத்தினார். நான் சுவரைப் பார்த்து ஓட்டினேன். டங் என்று கேட்கும் என்று தோள் தானாகக் குறுகியது. கேட்கவில்லை. உள்ளே போய்விட்டேன்.

டிரம். வரிசைக்குப் பன்னிரண்டு ஓட்டை. பாத்திரம் தேய்க்கும் பாட்டு. எதிர்ப்பக்கமாகச் சிவப்புக் காலுறை வந்தது, அறையில் எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். நான் செய்த டிரம்மைப் பக்கத்துத் திரையில் ஓடவிட்டார்கள், இம்மி பிசகவில்லை. அலாரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "இவ்வளவு துல்லியமா ஏமாத்தத் தெரிஞ்ச ஆளுக்கு டிரம் எப்படித் தப்பும்?" என்றார். தடம் தேறிவிட்டது. தடப் பிரிவு என் பொறுப்பு. எல்லோரும் கை கொடுத்தார்கள், மருத்துவர் மட்டும் தூரத்திலிருந்தே கும்பிட்டார், கையில் காலுறை இருந்தது.

இனி சண்டை.

இரண்டு கோடை விடுமுறை, தம்பி. நீ வெளியே விளையாடப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்து அந்தச் சுவரில் மோதுவேன். மற்றப் பாதை எதுவும் மனதில் பதியவில்லை, அந்தச் சுவர் மட்டும்தான். ஒரு நோட்டு போட்டிருந்தேன். முதலில் ஐந்து டிகிரிக்கு ஒரு தடவை. பிறகு ஒரு டிகிரிக்கு ஒன்று. வேகமாக, மெதுவாக, பின்பக்கமாக. நீ திரும்பி வந்து ஒரே தடவையில் புகுந்து போவாய். எனக்கு மட்டும் அது வழி விடவில்லை. நான் மக்கு என்று நினைத்துக்கொண்டேன். பதின்மூன்று வயதில் அப்படி நினைத்தால் அது லேசில் போகாது.

அந்தச் சுவரை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்த்தே ஆக வேண்டும் என்றுதான் நான் இந்தப் படிப்பில் சேர்ந்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. வேலைக்கு எடுத்தபோது ஏன் இந்தத் துறை என்று கேட்டார்கள், ஏதோ அழகாகச் சொல்லி வைத்தேன். உண்மை இதுதான். இல்லாத ஒரு வழியைத் தேடிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். பிழைப்பு, பதவி, எல்லாம் உன் கால் கட்டைவிரல் போட்டது.

உனக்கு நன்றி சொல்வதா, முதுகில் ஒன்று வைப்பதா என்று தெரியவில்லை. நேற்று வீட்டுக்கு வந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

நான்கு தாள் கிழித்துவிட்டேன், இது ஐந்தாவது.

அந்த நோட்டை நான் பார்த்திருக்கிறேன். ஊதா அட்டை. வரிசையாக எண்ணாக இருந்ததால் கணக்குப் பாடம் என்று நினைத்துவிட்டேன். ஒரு பக்கத்தில் என் வண்டியை நீ வரைந்திருந்தாய், பின்பக்கம் மட்டும். நன்றாக இருந்தது. அதையும் சொல்லவில்லை.

நீ மக்கு என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. பயந்தேன். நேர் வழியில் ஓட்டினால் நீ என்னை ஜெயித்துவிடுவாய் என்று தெரியும். அதனால்தான் விரலை வைத்தேன்.

மன்னித்துவிடு. இது சுவருக்கு மட்டும். பனிக்கட்டிக் கிடங்குக்கு வேறு மன்னிப்பு, அதை இதோடு சேர்த்தால் இரண்டும் நீர்த்துப்போகும். அதையும் இப்போதே கேட்டுவிடுகிறேன்: அன்றைக்குப் போனில் நான் 'ஐயோ அக்கா' என்று சொல்லியிருக்க வேண்டும். ஐயோ அக்கா.

வலப்பக்க வேலி பற்றி என் கருத்து மாறவில்லை.

தம்பி


ஏப்ரல் 10

டேய்,

அந்தச் சந்து வழியை எடுத்துவிட்டேன். சுவர் இப்போது சுவர்தான், நானே நூறு தடவை மோதிப் பார்த்தேன். மருத்துவருக்கு ஏக வருத்தம். மனிதர் கால் விரலுக்குப் பயிற்சியே கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

வெளியே விடுமுன் தடத்தை நன்றாகத் தெரிந்த ஒருவர் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். உன் பெயரைக் கொடுத்தேன். அலாரம், "ஷூ போட்டுட்டு வரச் சொல்லுங்க" என்றார்.

மாதக் கடைசிச் சனிக்கிழமை வா. மாடியறையில் படுக்கை போட்டு வைக்கிறேன். அம்மாவிடம் நானே போனில் சொல்லிவிட்டேன். மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "அவனுக்கு அந்தப் பச்சைப் போர்வை குடு, மத்தது குத்தும்பான்" என்றாள்.

அக்கா


மே 6

அக்கா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பேராசிரியை தேர்வில் பாஸாகிவிட்டார், தேர்வு அதிகாரிதான் வெளிறிப்போய் இறங்கினாராம். அம்மா உன் மாடியறையில் எத்தனை ஜன்னல் என்பது வரை கேட்டாள். சொன்னேன்.

தடத்தைப் பற்றி என் கையெழுத்தோடு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். உனக்குத் தனியாகச் சொல்கிறேன், அது பழசைவிட நன்றாக இருக்கிறது. போர்வைகளில் காற்று அடிக்கிற மாதிரி செய்திருக்கிறாயே, அது பழசில் கிடையாது. நான் சொல்லாததும்கூட உனக்கு வந்திருக்கிறது.

அன்றைக்குப் பத்துப் பந்தயம். ஒன்பதில் மண்ணைக் கவ்வினேன். பத்தாவதில் ஜெயித்தேன். நாற்காலியிலிருந்து எழுந்து குதித்தேன், நீயும் கை தட்டினாய். பஸ்ஸில் மூன்று நிறுத்தம் வரை சிரித்துக்கொண்டே வந்தேன். நான்காவது நிறுத்தத்தில் திடீரென்று ஞாபகம் வந்தது. டிரம்மிலிருந்து வெளியே வரும்போது உன் பெருவிரல் வேகப் பொத்தானிலிருந்து எழுந்தது. அரை நொடிதான். வழுக்கவில்லை. நீயாக எடுத்தாய்.

பன்னிரண்டு வருஷமாகப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து மற்றவர்கள் கையையும் காலையும் பார்ப்பதுதான் என் வேலை. யார் எப்போது எதை விடப்போகிறார்கள் என்று அவர்களுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். அன்றைக்குச் சந்தோஷத்தில் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

ஏன் விட்டாய் என்று தெரியும். தம்பி தூரத்திலிருந்து வந்திருக்கிறான், வெறுங்கையோடு அனுப்ப வேண்டாம் என்று நினைத்திருப்பாய். அது எனக்குப் புரிகிறது, பஸ்ஸில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆனால் அக்கா, அந்தக் காலத்தில் ஏமாற்றி ஜெயித்தேன், இப்போது நீ பாவம் பார்த்ததால் ஜெயித்தேன். உன்னோடு ஒரு தடவைகூட நான் உண்மையாக ஜெயித்ததில்லை. எனக்கு அந்த ஆசை இருக்கிறது. அதற்கு எத்தனை தடவை தோற்க வேண்டுமோ அத்தனை தடவை வருகிறேன்.

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை டிக்கெட் எடுத்தாயிற்று. இந்தத் தடவை விரலை எடுக்காதே. ஒழுங்காகத் தோற்கடி.

தம்பி